யாரும் சாகாத வட்டாரம்

ரோஸ் நிறத் தாளை மெஷினில் ஏற்ற என் கை மறுத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த வேலை வரும்போதெல்லாம் பக்கத்து மெஷின்காரரிடம் தள்ளிவிட்டு நான் மஞ்சளுக்கோ பச்சைக்கோ மாறிக்கொள்வேன். அவர் காரணம் கேட்டதில்லை.

சுகாதாரத் துறையின் படிவங்கள் எல்லாம் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகின்றன. பச்சைத் தாள் பிறப்புக்கு. மஞ்சள் தாயின் இறப்புக்கு. ரோஸ், மருத்துவமனை அனுப்புவதற்கு முன்பே நோயாளி தன் சொந்த விருப்பத்தில் வீட்டுக்குப் போவதற்கு.

அன்று காலை பதினொன்றரை மணிக்கு அந்த இருவரும் உள்ளே வந்தபோது மெஷினில் மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. அது எப்போது அதிருமோ என்று விடிந்ததிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். என் மனைவியின் தங்கைக்கு அதிகாலையில் வலி எடுத்துவிட்டது. அவள் கணவன் வெளிநாட்டில் வேலையில் இருந்தார். மாமியார் அவளை எங்கள் வட்டாரத்தின் ஒரே பிரசவ நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தார். என் மனைவியின் உயிர் போனதும் அங்கேதான். பிரசவமான ஒன்றரை மணி நேரத்தில், ரத்தம் நிற்காமல். குழந்தையும் தங்கவில்லை. நானும் வருகிறேன் என்று காலையில் சொன்னேன். ஆம்பளை அங்கே நின்று என்ன செய்யப் போகிறீர்கள் என்று மாமியார் தடுத்தார். அந்தச் சொல் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வந்தவர்களில் ஒருவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான பெண். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூட வந்தவர் வாசல் நிலையில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைய முடிந்தது. குரல் அதைவிடப் பெரியது. எல்லோரும் தன்னைச் சைரன் என்று கூப்பிடுவார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டியதாலா தொண்டையாலா என்று தனக்கே சந்தேகம் என்றார்.

"மேடத்துக்கு மனுஷங்க முகம் மறந்துடும், நம்பர் மறக்காது. என்னைச் சேர்த்து மூணு வாரம் ஆச்சு. ஜீப் நம்பர் தெரியும், என் பேர் தெரியாது."

மேடம் சிரிக்கவில்லை. சுகாதாரத் துறையின் கடிதத்தைக் காட்டிவிட்டு லேப்டாப்பை என் தாள் கட்டுகளின் மேல் வைத்துத் திறந்தார். திரையில் ஒரு வரைபடம். இருபத்து மூன்று நாடுகள், ஆயிரக்கணக்கான சின்னச் சதுரங்கள். பிரசவத்தில் பெண்கள் அதிகம் சாகும் இடம் கறுப்பு, குறையக் குறையச் சாம்பல், யாருமே சாகாத இடம் வெள்ளை. உலகத்தில் எந்தச் சதுரத்தில் பிறக்கிறோம் என்பதை வைத்தே ஒருத்தி பிள்ளை பெற்றுப் பிழைப்பாளா மாட்டாளா என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம் என்றார். அந்த வித்தியாசத்தைக் குறைக்கத்தான் இந்த வரைபடம். ரத்தம் வைக்கும் குளிர்பெட்டியோ ஆம்புலன்ஸோ கையில் இருந்தால் இருட்டான சதுரத்துக்கு முதலில் போகும்.

பிறகு விரலால் ஓர் இடத்தைப் பெரிதாக்கினார். சுற்றிலும் கறுப்பு. நடுவே ஒரே ஒரு வெள்ளைச் சதுரம், கறுப்புத் துணியில் விழுந்த ஓட்டை மாதிரி. எங்கள் வட்டாரம்.

"பெரிய நகரத்துல தெருவுக்குத் தெரு டாக்டர். அங்கயே லட்சம் பிரசவத்துக்கு நாலஞ்சு பேர் போறாங்க. இங்க ரத்தம் வைக்க ஒரு பெட்டி இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்பத்தெட்டு கிலோமீட்டர். மூணு வருஷத்துல ஐயாயிரத்து எழுநூறு பிரசவம் நடந்திருக்கு. செத்தவங்க பூஜ்ஜியம்."

"நான் இங்கயே ஒரு வீடு பாத்துடலாம்னு இருக்கேன்," என்றார் சைரன். "எனக்குச் சாகறதுல அவ்வளவா இஷ்டம் இல்ல."

பக்கத்து வட்டாரங்களை வைத்துக் கணக்கிட்டால் இங்கே ஒரு டஜன் பேராவது இறந்திருக்க வேண்டும் என்றார் மேடம். அந்த ஒரு டஜன் எங்கே போனது என்பதுதான் கேள்வி. அதை இன்று நான்கு மணிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு மணிக்கு இந்த வருடத்துப் பட்டியல் மூடுகிறது. வெள்ளையாக இருப்பதால் இங்கிருந்த ஒரே ஆம்புலன்ஸைப் போன மாதம் கறுப்புச் சதுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இந்த முறையும் வெள்ளையாகவே மூடினால் இன்னும் மூன்று வருடத்துக்கு எதுவும் வராது.

ஆம்புலன்ஸ் போனது எனக்குத் தெரியாது. மெஷினை நிறுத்தினேன்.

பிரசவ நிலையத்துக்குப் போகாமல் அச்சகத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எழுதின காகிதம் எழுதினவங்க சொன்னதைத்தான் சொல்லும். தீர்ந்துபோன காகிதம் பொய் சொல்லாது. எந்த நிலையம் எந்தப் படிவத்தை எத்தனை கட்டு வாங்கியிருக்குன்னு உங்ககிட்ட நோட்டு இருக்கும்ல?" என்றார் மேடம்.

இருந்தது. ஒரு கட்டுக்கு இருபத்தைந்து தாள். ஒவ்வொரு தாளிலும் வரிசை எண். யாருக்கு எது போனது என்பதை நோட்டில் எழுதுவது என் வேலை. சுற்றியுள்ள நிலையங்கள் மூன்று வருடத்தில் ரோஸ் தலா ஒரு கட்டு வாங்கியிருந்தன. மஞ்சள் தீர்ந்து மறுபடியும் வாங்கியிருந்தன. எங்கள் நிலையம் ஆறு வருடத்துக்கு முன் ஒரே ஒரு மஞ்சள் கட்டு வாங்கியதோடு சரி. ரோஸ் மட்டும் இரண்டு கட்டு.

"சாகறதுக்குப் பதிலா கிளம்பிப் போயிடறாங்க போல," என்றார் சைரன்.

மேடம் அந்தப் பக்கங்களைப் படியெடுக்கச் சொன்னார். வழக்கப்படி அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்களைப் பார்த்தார். பிறகு என் கையெழுத்தையும் பார்த்தார். நோட்டுப் பக்கத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

அப்போதுதான் போன் அதிர்ந்தது.

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை," என்றார் மாமியார். "பொண்ணு பொறந்திருக்கு. பயப்படாதீங்க. சும்மா வந்துட்டுப் போங்க."

பதினான்கு மாதத்துக்கு முன் இதே குரல் இதே வரிசையில் இதே வார்த்தைகளைத்தான் சொன்னது.

மூவரும் ஜீப்பில் கிளம்பினோம். என் மைத்துனி அங்கே இருக்கிறாள், என் மனைவி அங்கேதான் இறந்தாள் என்று மட்டும் சொன்னேன். மேடம் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. சைரன் ஒன்றிரண்டு ஜோக் முயன்று பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

நிலையத்தின் வாசலில் தகரக் கொட்டகை காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் வண்டி நின்ற அளவுக்குக் காய்ந்து கிடந்தது. சைரன் அதன் மேல் ஜீப்பை நிறுத்தினார்.

"ரெண்டு வருஷம் இங்கதான் நின்னேன். வண்டியை மாத்தினாங்க, அதோட டிரைவரும் வேண்டாம்னுட்டாங்க."

வராந்தாவில் பினாயில் வாடை. பெஞ்சில் மாமியார் ஒரு துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு இருபதுக்குப் பிறந்தது என்றார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. நிலையத்தின் பொறுப்பில் இருந்த தலைமை நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். அவர் பிரசவ அறையிலிருந்து வெளியே வந்து, என்னை அடையாளம் கண்டு, ஒரு நொடி நின்றார். பிறகு இரண்டு மணி நேரம் தாண்டினால் பயமில்லை, போய் உட்காருங்கள் என்றார். இரண்டு இருபது வரை. என் மனைவிக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது. மனதுக்குள் ஒன்று ஐம்பது என்று குறித்துக்கொண்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் மைத்துனியின் குரல் கேட்டது. "மாமா வந்துட்டாரா? வந்ததும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க வேண்டாம்னு சொல்லு."

மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு பழைய படிவங்களைப் பார்க்க வேண்டும் என்றார். சிஸ்டர் சாவியை உடனே கழற்றிக் கொடுத்தார்.

"சாவி தர மாட்டேன்கறவங்களைச் சமாளிச்சுடுவேன்," என்று சைரன் என் காதருகே சொன்னார். "இப்படிச் சிரிச்சுக்கிட்டே நீட்டறவங்ககிட்டதான் எனக்குப் பயம்."

ரெக்கார்டு ரூம் ஒரு பழைய குளியலறை. குழாய் இன்னும் சுவரில் இருந்தது. மஞ்சள் கட்டு அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. இருபத்தைந்து தாளும் அப்படியே. மேலட்டையில் நான் ஒட்டிய சீட்டுக்கூடக் கிழியவில்லை. ரோஸ் படிவங்கள் ஒரு கோப்பில் இருந்தன. நாற்பத்தொன்று. மேடம் அவற்றைச் சீட்டு பரப்புவது போல மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் அடியில் இருக்கும் இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். இடது கட்டம் நோயாளியின் கையெழுத்துக்கு. வலது கட்டம் உறவினரின் கையெழுத்துக்கு.

நான் கதவருகிலேயே நின்றேன். அந்த அறையில் காற்றே இல்லை.

முப்பது தாள்களில் இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தன. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவசரப்பட்டுக் கிளம்பிய பெண்கள். கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருந்தார்கள். மீதியைத் தனியே எடுத்து அடுக்கினார். அவற்றில் இடது கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். வலதில் கணவனோ அப்பாவோ அண்ணனோ.

"பதினொண்ணு," என்றார். "சொந்த விருப்பத்துல வீட்டுக்குப் போறவங்க. ஒருத்தரால கூட ஒரு கைநாட்டு வைக்க முடியல. அப்ப விருப்பப்பட்டது யாரு?"

சைரன் வாயைத் திறந்தார். வந்த ஜோக்கை விழுங்கியது தெரிந்தது. தாள்களின் தேதிகளை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். குரல் இறங்கிவிட்டது.

"இந்தத் தேதி எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னிக்கு மழை. வண்டியை எடு, கேஸ் இருக்குன்னு கூப்பிட்டாங்க. ஸ்ட்ரெச்சரை இறக்கினேன். அஞ்சு நிமிஷத்துல வேண்டாம், உள்ள வைன்னு சொல்லிட்டாங்க. இப்படி எத்தனையோ தடவை. சரியாயிடுச்சு போலன்னு நெனச்சு டீ குடிக்கப் போனேன் மேடம்."

மேடம் அந்தப் பதினொன்றில் ஒரு தாளை உருவி மேஜை ஓரத்தில் வைத்தார். கைப்பையிலிருந்து என் அச்சக நோட்டின் படியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டின் அடியிலும் ஒரே சுழி, ஒரே சாய்வு, ஒரே கடைசி இழுப்பு.

"இது உங்க கையெழுத்து," என்றார். கேள்வியாக இல்லை.

என் கையெழுத்துதான். அவர்களிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பிரசவ நிலையத்தில் ஒரு தாய் இறந்தால் விசாரணை உண்டு. உடல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். அறுத்துப் பார்த்துத் தைத்துத் தர மூன்று நாளாகும். என் மாமியார் சிஸ்டரின் காலைப் பிடித்தார். என் பெண்ணை அறுக்க வேண்டாம், இன்றைக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். சிஸ்டர் அழுதுகொண்டே இந்தத் தாளை என் முன்னால் வைத்தார். உயிரோடு அழைத்துப் போனதாக இருக்கும், வேறு எதுவும் இல்லை என்றார். என் மெஷினில் நானே அடித்த தாள். வரிசை எண்ணைக்கூட நான்தான் குத்தியிருப்பேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்துதான் போட்டேன். அன்று மாலையே அவளை அடக்கம் செய்தோம். ஊர் அலுவலகத்தில், வீட்டில் இறப்பு, காரணம் நோய் என்று ஒரு வரி எழுதிக்கொண்டார்கள்.

"பதினோரு வீட்லயும் இதேதான்," என்றார் மேடம். "யாரும் யாரையும் ஏமாத்தல. எல்லாரும் இரக்கப்பட்டிருக்காங்க. அந்த இரக்கத்தைக் கூட்டிப் பார்த்தா பூஜ்ஜியம் வருது. அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துத்தான் வண்டியை எடுத்துட்டுப் போனாங்க."

விதி ஒன்று இருந்தது. இறந்தவரின் குடும்பத்தில் ஒருவர், அவள் இங்கேதான் இறந்தாள் என்று எழுதிக் கொடுத்தால் போதும். பழைய பதிவைத் திறக்கலாம். ஒன்று திறந்தால் மற்ற பத்தையும் சேர்த்து மறுபரிசீலனைக்குப் போடலாம். நான்கு மணிக்குள். மேடம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

நான் அதைத் தொடவில்லை. பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு என்னைப் பிடிக்கலாம். புதைத்த இடத்தைத் தோண்டலாம். அதெல்லாம் இரண்டாவது. நான் எழுதினால் முதலில் மாட்டுவது சிஸ்டர். அந்த நிமிடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் என் மைத்துனியின் வயிற்றின் மேல் இருந்தது அவருடைய கை. வேறு கை இந்த வட்டாரத்தில் இல்லை.

"இப்ப வேண்டாம்," என்றேன். "அவ பிழைச்சு வெளிய வரட்டும். அப்புறம் எத்தனை தாள் வேணாலும் எழுதறேன்."

"அப்புறம்னா பட்டியல் மூடிடும்."

"தெரியும்."

மணி ஒன்று முப்பது. நான் நிமிர்ந்தபோது சிஸ்டர் கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மேஜை மேல் தனியே அடுக்கியிருந்த பதினொன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கையுறையில் இருந்தது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றார். "நிக்கல. ஊசி போட்டாச்சு, அப்பவும் நிக்கல. வண்டி வேணும்."

சைரன் எங்களைத் தாண்டி ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு அந்தக் கதவில் எப்படி நேராகப் போனது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ஜீப்பின் பின்சீட்டுகளை மடக்கி மெத்தையைப் போட்டார். குழந்தையோடு மாமியார் நிலையத்திலேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பயப்படாதீங்க என்ற வார்த்தை அவருக்கும் வரவில்லை. மைத்துனியைத் தூக்கி வைத்தபோது அவள் கை சில்லென்றிருந்தது. சிஸ்டர் அவள் பக்கத்தில் முட்டி போட்டு அடிவயிற்றில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். கர்ப்பப்பையை இப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் கொஞ்சம் அடங்கும், விட்டால் திறந்துகொள்ளும் என்றார். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். அவர் விடவில்லை.

சைரனுக்குச் சைரன் இல்லாத வண்டி. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, தன் தொண்டையாலேயே கத்திக்கொண்டு ஓட்டினார். மாடு, லாரி, சைக்கிள் எல்லாம் ஒதுங்கின.

பத்தாவது கிலோமீட்டர் இருக்கும். மைத்துனி கண்ணை மூட ஆரம்பித்தாள். அவளைப் பேசவிடுங்கள், தூங்கவிடாதீர்கள் என்று சிஸ்டர் என்னிடம் சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை. பதினான்கு மாதத்துக்கு முன் என் மனைவியிடம் பார்த்த அதே பனிக்குளிர் கை, அதே உதடு, அதே வெளுப்பு. அக்காவும் தங்கையும் ஒரே ஜாடை.

"வண்டி ஏன் போச்சுன்னு எனக்கு நிஜமாவே தெரியாது," என்றார் சிஸ்டர். யாரிடம் என்று தெரியவில்லை. "பழசாயிடுச்சு, புதுசு வரும்னு நெனச்சேன். நான் எழுதின பூஜ்ஜியம்தான் எடுத்துட்டுப் போச்சா?"

முன்சீட்டிலிருந்து மேடம் திரும்பி ஆமாம் என்றார். மெல்லச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அப்படித்தான் வரும்.

சிஸ்டரின் கை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"எழுதுங்க," என்றார் என்னிடம். "இந்தப் பொண்ணும் கேக்கட்டும், முழிச்சுக்கிட்டு இருக்கட்டும். பதினொண்ணும் நான் சொல்றேன்."

மேடம் தாளையும் பேனாவையும் பின்னால் நீட்டினார். ஜீப்பின் ஆட்டத்தில் முழங்காலில் வைத்து எழுதினேன். ஒரு தாளையும் பார்க்காமல் சிஸ்டர் சொல்லிக்கொண்டே போனார். செங்கல் சூளைக்காரர் மருமகள், முதல் பிரசவம், காலை எட்டே முக்கால். தையல்கார அம்மா, ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், வலிப்பு. பள்ளிக்கூட டீச்சர், ரத்தத்துக்குக் காத்திருந்து. அண்ணனோடு வந்த பத்தொன்பது வயதுப் பெண். ஒவ்வொருவரின் நேரமும் நிமிடத்தோடு அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் படிவத்திலும் இல்லாததெல்லாம் அவரிடம் இருந்தது.

ஏழாவதாக, "பிரஸ்காரர் வீட்டம்மா," என்றார். "முதல் பிரசவம். ரத்தப்போக்கு. மதியம் ரெண்டு நாப்பது. கடைசியா அவரை உள்ள விட வேண்டாம், பயந்துடுவாருன்னு சொன்னா."

அது எனக்குத் தெரியாது. எழுதினேன். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

மைத்துனி கண்ணைத் திறந்திருந்தாள். "அக்கா அப்படியா சொன்னா?" என்றாள். குரல் காற்று மாதிரி இருந்தது. "மாமா, நீங்க இங்கயே இருங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் மணி இரண்டு ஐம்பது. அவளை உள்ளே கொண்டுபோனார்கள். சிஸ்டரின் விரல்கள் விறைத்துப்போய், அவற்றை மடக்கவே முடியவில்லை. அந்தக் கையாலேயே என் எழுத்துக்கு அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். அதன் கீழே நான் போட்டேன். என் மனைவி வீட்டில் இறக்கவில்லை, நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று இரண்டு வரி.

மேடம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினார். பதினொன்றாவது முடிந்தபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. திரையில் எங்கள் வெள்ளைச் சதுரம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு இருண்டது. சுற்றியிருந்த கறுப்பைவிடக் கறுப்பாக. அப்படி ஒரு கறுப்பைப் பார்த்து மனிதன் ஆறுதல் அடைவானா என்று கேட்டால், அடைந்தேன். இறந்து பதினான்கு மாதம் கழித்து அன்றுதான் அவள் இறந்தவர்களில் ஒருத்தியாக எண்ணப்பட்டாள்.

"உங்க வீட்டம்மாவுக்கும் அன்னிக்கு நான்தான் வந்து நின்னிருப்பேன்," என்றார் சைரன். வழியெல்லாம் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

உள்ளிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஆறு பாட்டில் ரத்தம் உள்ளே போனது மட்டும் தெரியும். இரவு முழுக்க அந்தப் பெஞ்சில் இருந்தேன். வராந்தாவின் மறுகோடியில் யார் கையில் தாளோடு வந்தாலும் முதலில் நிறத்தைத்தான் பார்த்தேன். நானே அடித்த நிறங்கள். மஞ்சளாக இருக்கக்கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை.

காலை ஒன்பது மணிக்கு வார்டுப் பணியாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் இருந்தது ரோஸ்.

எழுந்து நின்றேன். சைரன் என் தோளைப் பிடித்தார். யாரோ இரக்கப்பட்டு இந்தத் தாளை அனுப்பியிருக்கிறார்கள், எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள் என்றே நினைத்தேன். பணியாளர் சலிப்போடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் ஏறவில்லை. தாளை வாங்கினேன். கண் தானாகவே அடியில் இருந்த இடது கட்டத்துக்குப் போனது.

கோணல்மாணலாக, கட்டத்தை விட்டு வெளியே வழிந்து, பாதி எழுத்து மேலே பாதி கீழே என்று ஒரு கையெழுத்து. என் மைத்துனியுடையது.

"உங்க பேஷண்ட்தான்," என்று பணியாளர் மறுபடியும் சொன்னார். "இன்னும் ஒரு வாரம் இருக்கணும்னா கேக்க மாட்டேங்கறாங்க. குழந்தையை இன்னும் சரியாப் பாக்கல, இப்பவே போகணும்னு அடம். நீங்களாவது வந்து சொல்லுங்க. இல்ல, போறதுன்னா நீங்களும் இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

சைரன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. சத்தமே வரவில்லை.

வலது கட்டம் காலியாக இருந்தது. பணியாளர் பேனாவை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளைத் திட்டுவதற்காக உள்ளே போனேன்.